பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? ஒரு கராத்தே மாஸ்டரின் அனுபவம்

நான் தனியாக கிளாஸ் எடுக்கத் தொடங்கிய மூன்றாவது வருடம் அது. மஞ்சள் பெல்ட்டுக்கான கிரேடிங், அதாவது பெல்ட் தேர்வு, நடந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் கட்டாவில், அதாவது வரிசை மாறாமல் செய்ய வேண்டிய அசைவுகளின் கோர்வையில், பத்தாவது அசைவில் தப்பாகத் திரும்பினான். மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே தப்பு. மூன்றாவது தடவை செய்யும்போது அவன் பார்வை என்மீது இல்லை, கதவோரம் நின்ற அப்பாவின் மீது இருந்தது. கடைசியில் மற்ற எல்லாருக்கும் பெல்ட் கட்டிவிட்டேன். அவனிடம் மட்டும், "நீ அடுத்த தடவை வாங்கிக்கலாம்பா" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "சரி மாஸ்டர்" என்று தலையாட்டினான். அப்புறம் அவன் வரவே இல்லை.

அப்போது எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. தகுதி வராமல் பெல்ட் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று இருந்தேன். இன்றும் தகுதி வராமல் நான் பெல்ட் கொடுப்பதில்லை. ஆனால் அவனை அந்த கிரேடிங்கில் கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான். அந்தத் திருப்பம் அவனுக்கு வரவில்லை என்பது பல வாரங்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது பேரை வரிசையாக நிறுத்தி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த நான், அவன் கால் எங்கே போகிறது என்று ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு நோட்டு போட்டேன். நின்றுபோகும் ஒவ்வொரு பிள்ளையின் கடைசி ஒரு மாதத்தை நினைவிலிருந்து எழுதி வைப்பேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. பயிற்சி கஷ்டமாக இருக்கிறது என்று நின்றவர்கள் ரொம்பக் குறைவு. பலரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. கடைசி மாதத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்தது, எதில் திணறியது, எதற்குச் சிரித்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என் கண்ணிலிருந்து மறைந்து சில வாரம் கழித்துத்தான் அவர்கள் கிளாசிலிருந்தே மறைந்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தாவது அசைவைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் பிள்ளைகள் முதலில் கற்கும் கட்டாக்களில் ஒன்று ஹெயான் ஷோடான். மொத்தம் 21 அசைவுகள். ஒன்பதாவதில் மேல் தடுப்போடு கியாய் என்ற கத்தலும் போட்டு முடித்ததும், வலது கால் முன்னால் இருக்கும். அங்கிருந்து இடது காலை முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், முக்கால் சுற்று திரும்பி, கீழ்த் தடுப்பு போட வேண்டும். முடிக்கும்போது நாம் பார்ப்பது வலப்பக்கம். குழந்தையின் மூளைக்கு இது வீண்வேலை. வலப்பக்கம் போகத்தானே வேண்டும், கால்வாசிச் சுற்று திரும்பினால் முடிந்ததே என்று நேராக வலப்பக்கம் திரும்பிவிடும். திசை சரியாக வந்துவிடும், ஆனால் தப்பான கால் முன்னால் நிற்கும். அந்தப் பையன் செய்தது இதைத்தான். மக்காக இருந்து அப்படிச் செய்யவில்லை, குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறான். அவன் பக்கத்தில் போய், "முகம் சரியான பக்கம்தான் இருக்கு, எந்தக் கால் முன்னால இருக்குன்னு மட்டும் பாரு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். இப்போது தரையில் இரண்டு பாதங்களை சாக்பீஸால் வரைந்துவிடுகிறேன். ஒரு கிளாசிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

இப்படியெல்லாம் எளிதாக்கினால் கலை நீர்த்துப்போகாதா என்று என்னோடு பயின்ற ஒரு நண்பர் கேட்டார். நாம் சொல்லிக்கொடுக்கும் இந்தக் கட்டாக்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் அங்கோ இதோசு என்ற ஆசான் 1901ல் பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கான நீண்ட கட்டாக்கள் மாணவர்களுக்கு ஒத்துவராது என்று பின்னான் என்ற ஐந்து கட்டாக்களை வகுத்தார். அவரிடம் பயின்ற கிச்சின் ஃபுனாகோஷி 1922ல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனார், பின்னாளில் பின்னானுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றினார். ஆக, பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொடுப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. நம் கையில் இருப்பதே மாணவர்களுக்காகச் செய்யப்பட்டதுதான்.

சரி, கிளாஸ் நடத்தும் விதத்துக்கு வருகிறேன். என் முதல் பெரிய மாற்றம் வரிசையை ஒழித்தது. இருபது பிள்ளைகள், உதைத்துப் பழகும் மெத்தை, அதாவது பேட், ஒன்றே ஒன்று, ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதில் ஒரு பிள்ளை உதைப்பது அரை நிமிடம், மிச்சம் ஒன்பதரை நிமிடம் நிற்பது. நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவனைக் கிள்ளும், பெல்ட்டைப் பிடித்து இழுக்கும். நான் போய் அதட்டுவேன். இதைத்தான் பல வருடம் ஒழுங்கின்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இருவர் இருவராக ஒரு பேட். ஒருவர் உதைக்க ஒருவர் பிடிக்க, பத்து எண்ணியதும் மாற்றிக்கொள்ள வேண்டும். பிடிப்பதும் ஒரு வேலைதான் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதை ரொம்பப் பொறுப்பாகச் செய்கிறார்கள். பேட் பற்றாவிட்டால் அறையின் நாலு மூலையில் நாலு வேலை வைத்துச் சுழற்றிவிடுகிறேன். ஐந்தாறு வயதுக்காரர்களுக்கு ஒரே வேலையை ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் நீட்டுவதில்லை. அவர்களுக்கு முக்கால் மணி நேர கிளாஸ் தாராளம்.

வெறுங்காற்றில் முழு வேகத்தில் உதைக்க வைப்பதையும் குறைத்துவிட்டேன். எதிலும் படாமல் முழங்கால் சட்டென்று முழுக்க நீளும்போது மூட்டுக்கு நல்லதில்லை. பேட் இருந்தால் உடம்புக்கும் நல்லது, "டப்" என்று சத்தம் கேட்பதில் பிள்ளைக்கும் ஒரு சந்தோஷம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி என்னிடம் வந்தாள். எல்லாம் செய்வாள், கியாய் மட்டும் வராது. வாய் திறக்கும், குரல் எழும்பாது. ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல, "இன்னும் சத்தமா! கேக்கல!" என்று விரட்டினேன். ஒருநாள் அழுதுவிட்டாள். அடுத்த கிளாசில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பேட்டை என் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "சத்தமே வேண்டாம் பாப்பா. குத்தும்போது ஹா என்று மூச்சை மட்டும் விடு" என்றேன். மூச்சு விட்டாள். மறு கிளாசிலும் மூச்சு மட்டும்தான். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், மூச்சோடு ஒரு சின்னக் குரல் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கைதட்டவில்லை, கைதட்டினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "இப்ப பேட் நகர்ந்துச்சு, பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன். பேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கேட்காமலே இன்னொரு குத்து விட்டாள். அன்றைக்கு அவளை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் அவள் முதலில் சொன்னது, "மாஸ்டர் பின்னாடி போயிட்டார்மா" என்பதுதான்.

பாராட்டும் விதத்தை நான் அங்கிருந்துதான் மாற்றிக்கொண்டேன். ஒரு பெற்றோர் எடுத்த வீடியோவில் என் குரலையே கேட்டபோது சங்கடமாகிவிட்டது. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் "சூப்பர், வெரிகுட்." நன்றாகச் செய்தவனுக்கும் அதே, வேடிக்கை பார்த்தவனுக்கும் அதே. பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும். இப்போது பார்த்ததைச் சொல்கிறேன்: "இந்தத் தடவை பின்கால் குதிகால் தூக்கல." "போன வாரம் கை தொங்கிப்போச்சு, இன்னைக்கு முகத்துக்கு முன்னாலயே நின்னுச்சு." இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் நாம் பார்த்தே ஆக வேண்டும், அதனால் இது எனக்கும் ஒரு பயிற்சி.

"உனக்குப் பிறவியிலேயே திறமை" என்ற வார்த்தையையும் விட்டுவிட்டேன். முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பிறகு கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். உழைப்பைப் பாராட்டியபோது பிள்ளைகள் தொடர்ந்து முயல விரும்பினார்கள். என் கிளாசில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் மாதமே இடுப்புயர உதை வந்த பையன்தான், புதுக் கட்டா புரியாத முதல் வாரமே வயிற்று வலி என்று லீவு போட்டான். அதற்குமுன் நான் அவனை எத்தனை தடவை தலையில் தூக்கி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் கிளாஸ் அருமையாக நடந்தது. அப்புறம் ஒருநாள் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தது. "இன்னைக்கு ஸ்டார் இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகங்கள் விழுந்தன, குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கடனுக்குக் குதித்தார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். படம் வரைய ஆசைப்படும் மழலைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி, வரைய வைத்துக் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் தாங்களாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் இப்போது பேரம் பேசுவதில்லை. எப்போதாவது ஒருநாள், சொல்லாமல், கடைசிப் பத்து நிமிடம் அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. அவ்வளவுதான்.

அப்படியானால் பெல்ட்டும் ஒரு ஸ்டிக்கர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தர வரிசை ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவிடமிருந்து வந்தது. பல வண்ண பெல்ட்டுகள் பின்னர் ஐரோப்பாவில் ஜூடோ கற்பித்தவர்கள் வழியாகப் பரவின. ஊக்கம் கொடுக்கத்தான் அந்த வண்ணங்கள். பெல்ட்டை நான் வெறுக்கவில்லை, தூரம் தெரிந்து நடக்க மைல்கல் வேண்டும். ஆனால் பிள்ளைக்கு பெல்ட்டில் முதலில் கிடைக்க வேண்டியது வண்ணம் இல்லை, முடிச்சு.

ஒவ்வொரு கிளாசுக்கும் முன்னால் இருபது பிள்ளைகளுக்கு பெல்ட் கட்டிவிட்டே எனக்கு முதுகு போகும். ஒரு நாள் முழுக் கிளாசையும் முடிச்சுக்கே ஒதுக்கினேன். பெல்ட்டின் நடுவை தொப்புளில் வை, இரண்டு பக்கமும் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவா, இரண்டு நுனியும் சமமா என்று பார், ஒரு நுனியை இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழு, அப்புறம் முடிச்சு. முடிச்சு சரியாக விழுந்தால் இரண்டு நுனியும் பக்கவாட்டில் மீசை மாதிரி விரிந்து நிற்கும். தப்பாக விழுந்தால் ஒன்று மேலே ஒன்று கீழே தொங்கும். யாரும் சொல்லாமலே பிள்ளைக்குத் தன் தப்பு தெரிந்துவிடும், இதுதான் இதில் அழகு. தானே கட்டிய பெல்ட்டோடு நிற்கும் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது. அவிழ்ந்தால் ஓரமாகப் போய் முழங்காலிட்டுக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்களிடமும் சொல்லிவிட்டேன், எவ்வளவு நேரமானாலும் நீங்கள் கட்டிவிடாதீர்கள் என்று.

தண்டனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கற்ற காலத்தில் தப்பு செய்தால் புஷ்அப். நானும் அதையே செய்தேன். பிள்ளையை பலப்படுத்த வேண்டிய பயிற்சியைக் கசப்பாக்கியது தவிர அதனால் ஒரு பலனும் இல்லை. இப்போது தொந்தரவு செய்யும் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று பத்து வரை எண்ணித்தர வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தேவைப்பட்டது ஒரு வேலைதான். கை முஷ்டியில் புஷ்அப், ஓடு பலகை உடைப்பது, காலை விரித்துவைத்து மேலே அழுத்துவது, இவை மூன்றும் என் கிளாசில் பிள்ளைகளுக்குக் கிடையாது. வளரும் எலும்பு நமக்கு மறுபடி கிடைக்காது. நிலையைத் திருத்தத் தொட வேண்டுமென்றால், "தோளைத் தொட்டுத் திருத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டே தொடுவேன். கதவு எப்போதும் திறந்திருக்கும். கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பது தன் உரிமை என்று ஒரு பிள்ளை தற்காப்புக் கலை கிளாசில் கற்காமல் வேறு எங்கே கற்கும்?

குமிதே, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதும் பயிற்சி, என்றதும் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் விரியும், பாதிப் பேருக்கு வயிறு கலங்கும். இரண்டாம் வகையினர் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். முதல் குமிதேயிலேயே மூக்கில் ஒன்று பட்டால் போதும். 2016ல் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் கழகம் தற்காப்புக் கலைக் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உடம்பில் படாத பயிற்சி முறைகளில் காயம் குறைவு என்பதை அது அழுத்திச் சொன்னது. நான் பல மாதம் தொடும் விளையாட்டாகவே நடத்துகிறேன். எதிரில் நிற்பவர் தோளையோ முழங்காலையோ விரித்த கையால் தொட்டால் ஒரு புள்ளி. தூரம், நேரம், விலகுவது எல்லாம் இதிலேயே வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொன்ன நொடியே மற்றவர் நின்றாக வேண்டும். பயந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள், உண்மையாகவே நிற்கிறார்களா என்று சோதிக்க. நின்றால் நம்பிக்கை வரும், அப்புறம் அந்த வார்த்தை தேவைப்படுவதே குறைந்துவிடும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண் பிள்ளைகள் நின்றுபோவதை ரொம்ப நாள் நான் "படிப்பு அதிகமாகிவிட்டது" என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார், "வெள்ளை யூனிஃபார்ம்தான் மாஸ்டர் பிரச்சினை" என்று. இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து பயிற்சி நாட்களில் யார் வேண்டுமானாலும் கறுப்பு பேன்ட் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜோடி சேரும்போது யாரோடு பயில வசதி என்று அவர்களே சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகு போனவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போகும் வழியில் "யார் ஜெயிச்சா, உனக்கு எப்ப பெல்ட்?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன செஞ்சீங்க, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். ஒரு அப்பா நிஜமாகவே வீட்டுக்கூடத்தில் நின்று மகளிடம் கீழ்த் தடுப்பு கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கையை எப்படித் தப்பாக வைக்கிறார் என்று அவள் கிளாசில் வந்து செய்துகாட்டுவாள்.

கிரேடிங் இப்போது இப்படி நடக்கிறது. இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். தயாராகாத பிள்ளையை அந்த நாளில் நிறுத்தவே மாட்டேன். என்ன பாக்கி என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும், இரண்டு விஷயத்துக்கு மேல் போகாமல், சொல்லிவிடுவேன். பெற்றோரிடம் அதற்குப் பிறகுதான். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு, ஆனால் மறுவாரம் வந்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அதே பத்தாவது அசைவில் மாட்டிக்கொண்டு நின்றான். நான் எழுந்து போவதற்குள், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாளே அந்தப் பெண், இப்போது அவளுக்குப் பதினோரு வயது, சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதம் வரைந்தாள். "திசை சரிதான்டா. எந்தக் கால் முன்னால இருக்குன்னு பாரு." அவன் குனிந்து பார்த்தான். திரும்பப் போய் ஒன்பதிலிருந்து தொடங்கி, இடது காலைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, கோட்டுக்குள் வைத்தான். மூன்று தடவை செய்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"மாஸ்டர், எனக்கு கிரேடிங் எப்போ?"

"இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு கண்ணா."

"எது எது?"

சொன்னேன். விரலில் இரண்டையும் எண்ணிக்கொண்டே போனான்.